ஐலண்ட் மேடைக்கு பிளக் பாயின்ட்: பக்கவாட்டுலயா, பாப்-அப்பா, திண்டா, இல்ல வேணவே வேணாமா?

வீடு கட்டறவங்க, கிச்சன் மாத்தறவங்கன்னு இந்த மாசத்துல மட்டும் நாலஞ்சு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க. "நடுவுல ஐலண்ட் போடறோம், பிளக் பாயின்ட் எங்க குடுக்கறது? பக்கவாட்டுல குடுத்தா போதுமா, இல்ல அழுத்தினா மேல எந்திரிச்சு வருதே அந்த டவர் வாங்கலாமா?" ஐலண்ட்ங்கறது சுவத்தை ஒட்டாம கிச்சன் நடுவுல தனியா நிக்கற மேடை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்பி தொண்டை காஞ்சு போச்சு, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிடறேன்.

முதல்ல எங்க கூத்தைச் சொல்லிடறேன். கோயமுத்தூர்ல எங்க வீட்டு ஐலண்ட் 6 அடிக்கு 3 அடி. கிரானைட் கலர் பாக்க மூணு கடை, டிராயர் கைப்பிடிக்கு ரெண்டு கடைன்னு ஏறி இறங்கினோம். பால் காய்ச்சின மறுநாள் சட்னி அரைக்க மிக்ஸியைத் தூக்கிட்டு வந்து ஐலண்ட்ல வெச்சுட்டு வயரைக் கைல புடிச்சுட்டு நின்னேன். சொருக எடமே இல்ல! எலக்ட்ரிஷியன் சுவத்துல எல்லாம் கேட்டுக் கேட்டு பாயின்ட் வெச்சாரு, நடு மேடையைப் பத்தி அவரும் கேக்கல, நாங்களும் சொல்லல. அப்புறம் ஃபிரிட்ஜ் பக்கத்துல இருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து ஓட்டினோம், மூணாம் நாளே அத்தை கால் வயர்ல மாட்டி மிக்ஸி ஜார் கீழ வந்துடுச்சு. அவங்களுக்கு ஒண்ணும் ஆகல, ஜார் மூடி உடைஞ்சு தரையெல்லாம் சட்னி. "இத்தனை லட்சம் போட்டு மேடை கட்டினீங்க, ஒரு பிளக்கு வெக்க மறந்துட்டீங்களே கண்ணு"ன்னு அத்தை சொன்னது இப்பவும் வீட்டுல ஓடுது.

## எதை வெச்சு முடிவு பண்றது

கேட்டலாக் பாத்து முடிவு பண்ணாதீங்க. அந்த மேடை மேல என்ன மெஷின் ஓடப் போகுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க, பாதி முடிவு அதுலயே வந்துடும். ஃபாரின் வீடியோல ஐலண்ட்ல என்ன இருக்கு, ஒரு லேப்டாப், ஒரு பூ ஜாடி, மிஞ்சிப் போனா கேக் மாவு கலக்கற மிக்ஸர். நம்ம வீட்டுல மிக்ஸி, மாவு அரைக்கற கிரைண்டர், இன்டக்‌ஷன் அடுப்பு, வெந்நீர் கெட்டில்னு ஒரு பட்டாளமே இருக்கு. ஒவ்வொண்ணும் எவ்ளோ இழுக்கும்னு தோராயமா:

| சாமான் | வாட் | 230 வோல்ட்ல ஆம்ப் |
|---|---|---|
| மிக்ஸி | 500 – 750 | 2.2 – 3.3 |
| டேபிள்டாப் கிரைண்டர் | 150 | 0.7 |
| கெட்டில் | 1500 | 6.5 |
| இன்டக்‌ஷன் அடுப்பு | 2000 | 8.7 |
| லேப்டாப் சார்ஜர் | 65 – 100 | அரைக்கும் கீழ |

6 ஆம்ப் பாயின்ட்ங்கறது 6 பெருக்கல் 230, அதாவது 1380 வாட் வரைக்கும்தான். மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் தாராளம். கெட்டிலே அந்தக் கோட்டைத் தாண்டிடுது, இன்டக்‌ஷன் பத்திப் பேசவே வேண்டாம், அதுக்கெல்லாம் 16 ஆம்ப் பவர் பாயின்ட்தான்.

அடுத்தது தண்ணி. நம்மூர் மேடைல தண்ணி நிக்காத நாள் கிடையாது, கிரைண்டர் கழுவறது, மாவு வழியறது, ஈரத்துணி போட்டு தொடைக்கறது. அப்புறம் வயர் எந்தப் பக்கம் தொங்கும், அங்க யார் நடக்கறாங்க, வீட்டுல தவழற வயசுல குழந்தை இருக்கா. மேடைக்குள்ள எத்தனை டிராயரை இழக்க மனசு வரும். அஞ்சு வருசம் கழிச்சு பழுதானா அதே சாமான் கடைல கிடைக்குமா. எல்லாத்துக்கும் மேல, தரை இப்ப எந்த நிலைமைல இருக்கு, டைல்ஸ் ஒட்டியாச்சா இல்லையா. இந்தக் கடைசிக் கேள்விதான் பல வீட்டுல மத்ததையெல்லாம் முடிவு பண்ணிடுது.

## பக்கவாட்டுல சுவிட்ச் பாக்ஸ்

நிறைய வீட்டுல இருக்கறது இதுதான். ஐலண்டோட குறுகின பக்கத்துல, கல்லுக்குக் கீழ ஒரு மெட்டல் பாக்ஸ், அதுல சுவிட்சும், 6 ஆம்ப் 16 ஆம்ப் ரெண்டு பின்னும் போற 6/16 சாக்கெட்டும். விலை கம்மி, சுவிட்ச் சாக்கெட் பிளேட் எல்லாம் சேத்து ஆயிரத்துக்கு முன்னப்பின்ன முடிஞ்சுடும். சுவத்துல வெச்ச அதே பிராண்ட், அதே மாடல் போடலாம், நாளைக்கு சுவிட்ச் போச்சுன்னா தெருமுனை எலக்ட்ரிகல் கடைலயே வாங்கி மாட்டிடலாம். இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு இது மேல மரியாதை உண்டு.

எங்க வெக்கறோம்ங்கறதுல கொஞ்சம் கவனம் வேணும். கல்லோட ஓரம் பாக்ஸ் இருக்கற பக்கத்துல ஒரு இன்ச்சாவது வெளிய நீட்டியிருக்கணும், அந்த நீட்டுன ஓரத்துக்கு அடில நீளவாக்குல ஒரு சின்ன காடி வெட்டச் சொல்லுங்க. மேல கொட்டற தண்ணி கல்லோட அடிவயித்துல ஒட்டிட்டே உள்ள ஓடி வரும், காடி இருந்தா அங்கயே சொட்டி கீழ விழுந்துடும், சாக்கெட்டுக்குள்ள போகாது. ஜன்னல் சன்ஷேடுக்கு அடில மேஸ்திரி போடுவாரே அதே டெக்னிக்தான். கிரானைட்காரர்கிட்ட கல்லை ஏத்தறதுக்கு முன்னாடி சொன்னா அஞ்சு நிமிச வேலை, வெச்சப்புறம் சொன்னா முறைப்பாரு. கூடவே மூடி வெச்ச பிளேட் கிடைக்குது, பால்கனில மாட்டுவாங்களே அது, அழகு கம்மிதான், ஆனா தரையைக் குழாய் போட்டு அலசற வீடா இருந்தா அதை மாட்டிடுங்க.

மறைமுக செலவு எங்கன்னா, மேடை பிளைவுட்ல பண்ணதா இருந்தா பாக்ஸ் உள்ள 2 இன்ச் கிட்ட போகும், பைப்புக்கும் எடம் வேணும், அதனால அந்தப் பக்க டிராயர் அகலம் கொறையும். மாடுலர் கிச்சன்காரங்க டிராயரை எல்லாம் பண்ணி கொண்டாந்தப்புறம் சொன்னீங்கன்னா அது மூடாது. செங்கல் வெச்சு கட்டின மேடைன்னா இந்தப் பிரச்சினையே இல்ல.

பெரிய குறை என்னன்னா வயர் மேடை ஓரத்துல இருந்து கீழ தொங்கும். மேல கொதிக்கற கெட்டில், கீழ ஒன்றரை வயசுப் பையன், நடுவுல புடிச்சு இழுக்க வாகா ஒரு வயர். இது வெறும் பயம் இல்லைங்க. அமெரிக்காவுல எலக்ட்ரிகல் வேலைக்கு என்இசின்னு ஒரு விதித் தொகுப்பு இருக்கு, மூணு வருசத்துக்கு ஒருதடவை புதுப்பிப்பாங்க. முன்னெல்லாம் ஐலண்ட் கல்லுக்குக் கீழ 12 இன்ச்சுக்குள்ள சாக்கெட் வெக்க அதுல அனுமதி இருந்துச்சு, 2023 பதிப்புல அதை எடுத்துட்டாங்க. குழந்தைங்க வயரை இழுத்து சூடான சாமான் மேல விழுந்து வெந்து போறதுதான் காரணம். இப்ப அங்க வெச்சா கல்லுக்கு மேல 20 இன்ச்சுக்குள்ள வெக்கணும், இல்லாட்டி கல்லுலயே பதிக்கறதுக்குன்னு அங்கீகாரம் வாங்கின சாமான் போடணும். அந்தப் பதிப்பை எந்த மாநிலம் எப்ப ஏத்துக்குதுங்கறது வேற வேற, டல்லாஸ்லயோ நியூஜெர்சிலயோ வீடு கட்டறவங்க உள்ளூர் இன்ஸ்பெக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. நம்ம ஊருக்கு அந்த விதி இல்ல, ஆனா குழந்தை எல்லா ஊர்லயும் வயரை இழுக்கத்தான் செய்யும்.

அதனால பக்கவாட்டு பாக்ஸ் யாருக்குன்னா, பட்ஜெட் கொஞ்சம் இறுக்கம், சின்னக் குழந்தைங்க இல்ல, ஐலண்ட்ல மிக்ஸியும் கிரைண்டரும் மட்டும்தான் ஓடும்ங்கறவங்களுக்கு. வெக்கறதும் ஆள் நடமாட்டம் கம்மியா இருக்கற பக்கத்துல வைங்க.

## அழுத்தினா எந்திரிக்கற பாப்-அப் டவர்

எல்லாருக்கும் ஆசை இது மேலதான். கல்லுல வட்டமா ஒரு ஓட்டை, அதுல ஒரு குழாய் மாதிரி டவர் இறங்கி இருக்கும், அழுத்தினா மேல வரும், மூணு சாக்கெட், ரெண்டு யூஎஸ்பி, சிலதுல ஃபோன் வெச்சா சார்ஜ் ஆகற மூடி வேற. வேலை முடிஞ்சா அமுக்கி உள்ள தள்ளிட்டா மேடை சுத்தமா இருக்கும். வயர் கீழ தொங்காம மேடை மேலயே கிடக்கும், குழந்தை விஷயத்துல இது பக்கவாட்டு பாக்ஸை விட மேல்தான், மறுக்கல.

ஆனா என் நாத்தனார் வீட்டுல இதை வெச்சு நாலு மாசம்தான் ஒழுங்கா வேலை செஞ்சுது. ஒரு ஞாயித்துக்கிழமை கிரைண்டர்ல இருந்து மாவை வழிச்சு எடுக்கறப்ப கொஞ்சம் மூடி மேல சிந்துச்சு, தொடைச்சாங்க, ஆனா அந்த வட்ட விளிம்புல நூல் அளவு இடைவெளி இருக்குமில்ல, அதுக்குள்ள போனது போனதுதான். உளுந்து மாவு காஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. மறுநாள் அழுத்தினா டவர் பாதி வந்து நின்னுடுச்சு. அவங்க மெயினை ஆஃப் பண்ணிட்டு காது பட்ஸும் பல்குச்சியும் வெச்சு ஒரு மத்தியானம் முழுக்க நோண்டினாங்க. இப்ப அது மேல ஒரு தட்டு கவுத்து வெச்சிருக்காங்க, 9 ஆயிரம் ரூவா சாமானுக்கு எவர்சில்வர் தட்டுதான் காவல்.

வாங்கறவங்க மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, ஆம்ப். எல்லா நாட்டு பிளக்கும் போற மாதிரி ஒரு யூனிவர்சல் சாக்கெட் வெச்சு நிறைய வருது, அதுல நம்ம 16 ஆம்ப் தடி பின் உள்ளயே போகாது, போகாததும் ஒருவகைல நல்லதுதான், ஏன்னா உள்ள இருக்கற வயர் அந்த லோடைத் தாங்கற சைஸ்ல இருக்காது. இன்டக்‌ஷனுக்கு கன்வர்ட்டர் பின் போட்டு இதுல சொருகறவங்களைப் பாத்திருக்கேன், தயவு செஞ்சு வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரை போட்ட, ஐஎஸ் 1293 (பிளக், சாக்கெட்டுக்கான இந்தியத் தரம்) படி செஞ்ச சாக்கெட் உள்ள இருக்கான்னு கேளுங்க. ரெண்டு, தண்ணி. டப்பால ஐபி 54ன்னு (தூசியும் தண்ணித் தெறிப்பும் தாங்கும்னு சொல்ற குறி) எழுதியிருந்தா அது பெரும்பாலும் மூடியிருக்கறப்பதான், மேல எந்திரிச்சு நிக்கறப்ப அந்தப் பாதுகாப்பு கிடையாது, நமக்குத் தண்ணி சிந்தறதோ அது எந்திரிச்சு நிக்கற நேரத்துலதான். மூணு, கீழ எடம். டவர் உள்ள இறங்க ஓரடிக்கு மேல ஆழம் வேணும், சிலதுக்கு ஒன்றரை அடி கிட்ட. அதாவது அந்த எடத்துல மேல் டிராயர் போச்சு, சில சமயம் ரெண்டாவதும் போச்சு. கரண்டி ஸ்பூன் வெக்கற டிராயரை ஒரு யூஎஸ்பிக்காக விக்கறதா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க.

விலை நாங்க கேட்டப்ப 5 ஆயிரத்துல ஆரம்பிச்சு 20 ஆயிரம் தாண்டி போச்சு, கல்லுல ஓட்டை போடற கூலி தனி. ஓட்டை கல்லோட ஓரத்துக்கும் சிங்க் வெட்டுக்கும் கிட்ட வரக்கூடாது, அந்த எடத்துல கல்லு விரிசல் விட்டுடும். இன்னொண்ணு, இன்னைக்கு வாங்கற டவர் 80 மில்லிமீட்டர் ஓட்டை கேக்குதுன்னு வைங்க, அஞ்சு வருசம் கழிச்சு அது போய், புதுசு 100 மில்லி கேட்டா வெச்ச கல்லை இன்னொருதடவை வெட்டணும், புதுசு 60 மில்லின்னா ஓட்டையைச் சுத்தி என்ன பண்றதுன்னு யோசிக்கணும்.

ஐலண்ட்ல சமையலே இல்ல, புள்ளைங்க ஹோம்வொர்க், இவரோட லேப்டாப், ஃபோன் சார்ஜ், எப்பவாச்சும் ஒரு பிளெண்டர்னு இருக்கற வீட்டுக்கு பாப்-அப் அருமை. மாவு அரைக்கற மேடைக்கு நான் சொல்ல மாட்டேன்.

பாப்-அப்லயே எந்திரிக்காம, கல்லோட மட்டத்துல மூடி வெச்ச பெட்டி மாதிரி ஒண்ணு வருது. ஆபீஸ் மீட்டிங் டேபிள்ல பாத்திருப்பீங்க. அது டேபிளுக்குன்னு பண்ணது, தண்ணி உள்ள போனா குளம் மாதிரி தேங்கும். கிச்சனுக்கு ஆகாது, அடுத்ததுக்குப் போவோம்.

## கல்லுக்கு மேல குட்டித் திண்டு

இதை யாரும் கேக்கவே மாட்டேங்கறாங்க, எனக்குப் புடிச்சது இதுதான். ஐலண்டோட ஒரு நீளப் பக்கத்துல, சமைக்கறவங்களுக்கு எதிர்ப்பக்கமா, மேடை மட்டத்துல இருந்து 6 இன்ச்ல இருந்து 9 இன்ச் வரைக்கும் உயரமா ஒரு திண்டு எழுப்பி அது மேல ஒரு கல்லு பதிக்கறது. திண்டோட உள் முகத்துல, அதாவது சமைக்கறவங்களைப் பாத்த பக்கம், சாக்கெட்டை நிக்க வெச்ச மாதிரி பதிச்சுடலாம். சுவத்துல இருக்கற மாதிரியே ஆயிடுது. தண்ணி மேல இருந்து நேரா உள்ள விழாது, வயர் வெளிய தொங்காது, குழந்தைக்கு எட்டாது, டிராயர் ஒண்ணும் குறையாது, சாதா சுவிட்ச் பிளேட்தான். பிளேட் உயரம் மூன்றரை இன்ச் இருந்தா 6 இன்ச் திண்டுல மேலயும் கீழயும் எடம் விட்டு அழகா உக்காரும். கீழ் ஓரம் மேடையை ஒட்டாம ரெண்டு இன்ச்சாவது தூக்கி வைங்க, தொடைக்கறப்ப ஈரத்துணி படாது.

இன்னொரு லாபம், எதுத்தாப்புல ஹால்ல உக்காந்திருக்கற சொந்தக்காரங்க கண்ணுக்கு மேடை மேல இருக்கற அலங்கோலம் தெரியாது. இதுக்கு ரேட் போட முடியாது.

குறைன்னு பாத்தா, ஒரே பலகை மாதிரி விரிஞ்ச மேடை கிடைக்காது. முறுக்கு புழிஞ்சு பரப்பறவங்க, சப்பாத்தி கூட்டமா உக்காந்து தேய்க்கறவங்களுக்கு அகலம் ஒரு அரையடி போயிடும். அந்தத் திண்டையே சாப்பிடற டேபிளா ஆக்கலாம்னு டிசைனர் சொல்லுவாரு, கணக்குப் போடுங்க, மேடை 34 இன்ச், திண்டு 8 இன்ச், மொத்தம் 42 இன்ச், அதுக்கு பார்ல இருக்கற மாதிரி உசந்த ஸ்டூல் வேணும், மாமா அத்தை வயசுல யாரும் அதுல ஏற மாட்டாங்க. கல்லு செலவும் கூடும், மேல் பட்டை, ரெண்டு முகம், விளிம்பு பாலிஷ் எல்லாம் அடிக்கணக்குல பில்லுல வரும். கட்டி முடிச்ச மேடைல பின்னாடி சேக்கறதும் கஷ்டம், பண்ணலாம், ஒட்டின மாதிரியே தெரியும்.

## மேல இருந்து தொங்க விடறது

சீலிங்ல இருந்து சுருள் வயர்ல ஒரு சாக்கெட் தொங்கும், இழுத்துக்கலாம். பேக்கரில, சமையல் கிளாஸ் எடுக்கற எடத்துல வசதியா இருக்கும். நம்ம வீட்டுல ஐலண்டுக்கு நேர் மேல ஃபேன் இருக்கும், இல்ல சிம்னி இருக்கும், இல்ல மூணு லைட் தொங்கும். தாளிக்கற எண்ணெய்ப் புகை படிஞ்சு ஆறு மாசத்துல வயர் பிசுபிசுன்னு ஆயிடும். தரையை உடைக்கவே முடியாதுன்னு மாட்டிக்கிட்டவங்க வேணா யோசிக்கலாம்.

## ஐலண்ட்ல பிளக்கே வேண்டாம்

இதுவும் ஒரு நல்ல பதில்தாங்க, சும்மா ஒப்புக்குச் சொல்லல. சுவத்து மேடைலயே மிக்ஸி, கிரைண்டர், இன்டக்‌ஷன் எல்லாத்துக்கும் எடமும் பாயின்ட்டும் இருக்கு, ஐலண்ட் காய் நறுக்கவும் சாப்பிடவும்தான்னா எதுக்கு அங்க கரண்ட்? அதுவும் ஐலண்ட்லயே சிங்க் வருதுன்னா 3 அடி மேடைல தண்ணியும் கரண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கறதை விட இல்லாம இருக்கறது மேல்.

ஆனா பிளக் வேண்டாம்ங்கறது வேற, பைப்பே வேண்டாம்ங்கறது வேற. அந்த அமெரிக்க விதிலயும் 2023ல அதைத்தான் சொல்லியிருக்காங்க, ஐலண்ட்ல சாக்கெட் வெக்கறது உங்க இஷ்டம், ஆனா வெக்கலைன்னா பின்னாடி வெக்கறதுக்கு ஏற்பாடு விட்டு வெக்கணும்னு. வேண்டாம்னு முடிவு பண்ணிட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுக்கறது இருக்கே, அது இந்த லிஸ்ட்லயே கிடையாது. அந்த மெல்லிசு வயர்ல இன்டக்‌ஷனைப் போட்டுட்டு பத்து நிமிசம் கழிச்சு வயரைத் தொட்டுப் பாருங்க, சுடும்.

## எதைப் போட்டாலும் பைப் முன்னாடி

தரை கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டறதுக்கு நடுவுல ஒரு வாரம் கிடைக்கும், உங்க முடிவெல்லாம் அந்த வாரத்துக்குள்ள. டிபி பாக்ஸ்ல (வீட்டுக்கு வர்ற கரண்டை லைன் லைனா பிரிக்கற பெட்டி) இருந்து ஐலண்ட் வர்ற எடத்துக்கு 25 மில்லி பிவிசி பைப் ரெண்டு ஓட்டிடுங்க, ஒண்ணு இப்போதைக்கு, ஒண்ணு சும்மா. திருப்பத்துல எல்போ போடாம வளைஞ்ச பெண்ட் போடச் சொல்லுங்க, எல்போல பின்னாடி வயர் இழுத்தா வராது. ஐலண்ட் எடத்துல ஓரடி மேல தூக்கி மூடி போட்டு விட்டுட்டா, பக்கவாட்டா பாப்-அப்பாங்கற சண்டையை மெதுவா போட்டுக்கலாம். மேடையோட சரியான எடம் அன்னைக்கே தரைல சாக்பீஸ்ல வரைஞ்சு காட்டணும், இல்லைன்னா பைப் வந்து நிக்கறது நடக்கற வழில.

மாடி வீடு, அபார்ட்மென்ட்னா ஜாக்கிரதை. டைல்ஸுக்கு அடில இருக்கற கலவைக்குள்ளயே பைப் போகணும், ஸ்லாப் கான்கிரீட்டை வெட்டி கம்பியைத் தொடக்கூடாது. டைல்ஸ் ஏற்கனவே ஒட்டியாச்சு, உடைக்க மனசு இல்லைன்னா ஐலண்டை ஒரு பக்கம் சுவத்தோட ஒட்டிடுங்க, தீவு இல்ல, தீபகற்பம் ஆயிடும், சுவத்துல இருந்தே வயர் மேடைக்குள்ள வந்துடும். பெருமை கொஞ்சம் குறையும், செலவு ரொம்பவே குறையும்.

வயர் விஷயத்துல பேரம் பேசாதீங்க. மிக்ஸி கிரைண்டர் மட்டும்னாலும் 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் போட்டு 16 ஆம்ப் எம்சிபி (லோடு கூடினா தானா விழற சுவிட்ச்) குடுத்துடுங்க. இன்டக்‌ஷனும் கெட்டிலும் மிக்ஸியும் ஒரே நேரத்துல ஓடினா 4250 வாட், 18 ஆம்ப் தாண்டுது, 16 ஆம்ப் எம்சிபிக்கு அது அதிகம், விழலாம், அந்த மாதிரி வீட்டுல இன்டக்‌ஷனுக்கு 4 ஸ்கொயர் எம்எம்ல தனி லைன் இழுத்துக்கோங்க. அந்த ரெண்டாவது பைப் அதுக்குத்தான். 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிட்ச்) இல்லாம ஐலண்டுக்கு கரண்ட் குடுக்காதீங்க. ஈரக்கை, வெறுங்கால், கிரானைட், இது மூணும் ஒண்ணு சேர்ற எடம் அது. எர்த் வயர் உண்மையிலயே கனெக்ட் ஆகியிருக்கான்னு எலக்ட்ரிஷியன் முன்னாடியே டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க, "அதெல்லாம் இருக்குங்க"ன்னா விடாதீங்க.

எங்க வீட்டுல கடைசியா என்ன பண்ணோம்னு கேப்பீங்க. திண்டு வெக்க நேரம் போயிடுச்சு, பக்கவாட்டு பாக்ஸ்தான், மூடி வெச்ச பிளேட்டோட. ஃபிரிட்ஜ் பக்கத்து சுவத்துல இருந்து ஐலண்ட் வரைக்கும் ஒரே வரிசைல நாலு டைல்ஸ் உடைச்சு பைப் போட்டாங்க. மிச்சம் வெச்சிருந்த டைல்ஸ் ரெண்டுதான் இருந்துச்சு, மத்த ரெண்டும் அதே மாடல் அதே நம்பர் வாங்கினோம், ஆனா வேற பேட்ச், பகல்ல லைட் பட்டா கலர் வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். வர்றவங்க எல்லாம் அதைக் காட்டி "இங்க என்ன தண்ணி லீக்கா?"ன்னு கேக்கறாங்க, அத்தைதான் பதில் சொல்றாங்க.